உலோகமும் சிலிக்கனும் சந்திக்கும் இடம்

உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் இலத்திரனியல் அலகைத் தொடங்கிய வாரம் அது. வெண்பலகையில் இருவாயியின் படத்தை வரைந்து, ஒரு பக்கம் பீ வகைச் சிலிக்கன், மறுபக்கம் என் வகைச் சிலிக்கன், நடுவில் வறிதாக்கற் பிரதேசம் என்று விளங்கப்படுத்தி முடித்தேன். இரு முனைகளிலும் இரண்டு கோடுகளை நீட்டி, "இவை இணைப்புக் கம்பிகள்" என்றேன். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், நடுவில பீயும் என்னும் சேருற இடத்திலதான் ஒருவழிப் பாதை உண்டாகுது என்டு சொன்னீங்க. ஆனா ரெண்டு முனையிலயும் கம்பி சிலிக்கனோட சேருதே. அதுவும் வேற வேற பொருள் ரெண்டு சேருற இடம்தானே. அங்க ஏன் ஒருவழிப் பாதை உண்டாகாது?"

மணி அடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. முன்முகக் கோடலும் பின்முகக் கோடலும் இன்னும் மிச்சம். "மகள், அது சோதனைக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் அமர்ந்து கொப்பியில் எழுதத் தொடங்கினாள். அதன் பின் இரண்டு வாரங்கள் அந்தக் கை உயரவில்லை.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கேள்விக்கு எனக்கு அன்று முழுமையான விடை தெரியாது. பதினான்கு வருடங்களாக அதே படத்தை வரைந்து, அதே இரண்டு கோடுகளையும் நீட்டியிருக்கிறேன். அந்தக் கோடுகள் சிலிக்கனைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பழைய பல்கலைக்கழகக் குறிப்புகளை எடுத்து மீண்டும் படித்த பிறகுதான், அது எவ்வளவு ஆழமான கேள்வி என்பது விளங்கியது. அன்று வகுப்பில் சொல்லாமல் விட்ட விடையையே இங்கே எழுதுகிறேன்.

கேள்வியின் பெறுமதி

முதலில், அவளுடைய தர்க்கம் சரியானதா என்று பார்ப்போம். இருவாயியின் இரு முனைகளிலும் உலோகமும் சிலிக்கனும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொடுகைகள் இரண்டும் ஒருவழிப் பாதைகளாக இருந்தால், நடுவிலுள்ள சந்தியோடு சேர்த்து மூன்று வாயில்கள் ஆகிவிடும். உலோகமும் சிலிக்கனும் சேரும் வாயில்கள் நடுச் சந்திக்கு எதிர்த் திசையில் திறப்பவையாக அமைந்தால், மின்னோட்டம் எத்திசையிலும் தாராளமாகப் போக முடியாது. ஆனால் இருவாயி வேலை செய்கிறது. ஆகவே அந்த முனைகளில் ஏதோ ஒன்று திட்டமிட்டுச் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

ஆக, விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று: ஆம், உலோகமும் குறைகடத்தியும் சேரும் இடத்திலும் ஒருவழிப் பாதை உண்டாகும். மற்றது: அதை வேண்டாதபோது இல்லாமல் செய்வதற்கு ஒரு வழி உண்டு.

சேரும்போது நடப்பது

ஒளிமின் விளைவுப் பாடத்தில் வேலைச்சார்பு என்ற சொல்லைப் படித்திருப்பீர்கள். ஓர் இலத்திரனை உலோகத்திலிருந்து வெளியே எடுக்கத் தேவையான மிகக் குறைந்த சத்தி அது. பொன்னுக்கு அது ஏறத்தாழ 5.1 இலத்திரன் வோல்ற்று. அலுமினியத்துக்கு ஏறத்தாழ 4.2. சிலிக்கனில் அசைந்து திரியும் இலத்திரன் ஒன்றை வெளியே எடுக்க 4.05 இலத்திரன் வோல்ற்று போதும்.

இப்போது என் வகைச் சிலிக்கனோடு பொன்னைச் சேர்ப்போம். இரண்டு தண்ணீர்த் தாங்கிகளை ஒரு குழாயால் இணைத்தால், மட்டம் கூடிய தாங்கியிலிருந்து குறைந்த தாங்கிக்கு நீர் ஓடும் அல்லவா? அதுபோலச் சிலிக்கனில் சத்தி கூடிய நிலையில் இருக்கும் இலத்திரன்கள் பொன்னுக்குள் இறங்கும். ஆனால் இலத்திரனுக்கு நீரிடம் இல்லாத ஒன்று உண்டு, அதுதான் ஏற்றம். இலத்திரன்கள் போன இடத்தில், அவற்றை இழந்த பொசுபரசு அணுக்கள் நேரேற்றத்துடன் அசையாமல் நிற்கும். அந்த நேரேற்றம் போன இலத்திரன்களைத் திரும்பி இழுக்கும்; புதிதாகப் போக முனைபவற்றையும் தடுக்கும். சற்று நேரத்தில் சமநிலை வந்துவிடும். சந்தியை ஒட்டிய சிலிக்கனில் கட்டற்ற இலத்திரன்கள் இல்லாத மெல்லிய படை ஒன்றும், இலத்திரன்கள் ஏறிக் கடக்க வேண்டிய ஒரு மேடும் உண்டாகும். பீ–என் சந்தியில் நாம் படித்த அதே வறிதாக்கற் பிரதேசந்தான். இங்கே அது சிலிக்கனின் பக்கத்தில் மட்டும் இருக்கிறது.

இந்த மேடு ஏன் ஒருவழிப் பாதையாகிறது? அதற்கு இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதே காரணம். வெளியிலிருந்து வோல்ற்றளவு ஒன்றைப் பிரயோகிக்கும்போது, சிலிக்கன் பக்கத்திலிருந்து பார்க்கும் மேட்டின் உயரம் மாறும். உலோகப் பக்கத்திலிருந்து பார்க்கும் உயரம் ஏறத்தாழ மாறாமலே இருக்கும். உலோகத்தை நேர் முனையோடும் சிலிக்கனை மறை முனையோடும் இணைத்தால், சிலிக்கனிலிருந்து ஏறும் இலத்திரன்களுக்கு மேடு தாழ்ந்துவிடும். அறை வெப்பநிலையில், கோட்பாட்டின்படி, ஒவ்வொரு 0.06 வோல்ற்றுக்கும் ஓட்டம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். முனைகளை மாற்றி இணைத்தால் சிலிக்கன் பக்க மேடு உயர்ந்துவிடும்; அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராது. உலோகப் பக்கத்திலிருந்து மட்டும், மாறாத மேட்டைத் தாண்டும் சில இலத்திரன்கள் கசிந்துகொண்டிருக்கும். ஒரு திசையில் பெருக்கு, மறு திசையில் கசிவு. அவள் சந்தேகித்தது சரி: கம்பி தொடும் இடமும் ஒரு சந்திதான்.

ஒரு பாடசாலை ஆசிரியரின் அவதானம்

இந்தச் சந்தி பீ–என் சந்தியை விட வயதில் மூத்தது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. இலத்திரன் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். அதற்கு 23 வருடங்கள் முன்பே, 1874இல், ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த பேர்டினன்ட் பிரவுண் இதை அவதானித்துவிட்டார். அப்போது அவருக்கு 24 வயது. கலேனா எனப்படும் ஈயச் சல்பைட்டு போன்ற பளிங்குகளில் ஒரு கூரிய உலோகக் கம்பியை அழுத்தி மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் ஓட்டம் சென்றது. அன்று அறிந்திருந்த ஓமின் விதிக்கு இது பொருந்தவில்லை. காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிப் பிரசுரித்தார். பின்னாளில் கம்பியில்லாத் தந்தி வேலைக்காக 1909இல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே.

கல்கத்தாவின் பிரெசிடென்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீச சந்திர போஸ் இதே கலேனாத் தொடுகையை மின்காந்த அலைகளை உணரப் பயன்படுத்தினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு 1904இல் கிடைத்தது. அதன் பின்னர் வந்த பளிங்கு வானொலிகளில் மின்கலமே இல்லை. வானொலி அலை ஓர் ஆடலோட்டத்தைத் தரும். கலேனாத் துண்டின் மேல் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி அதைச் சீராக்கும். காதணி ஒலிபெருக்கியில் பேச்சுக் கேட்கும். பளிங்கின் எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரி வேலை செய்யாது. நல்ல புள்ளியைத் தேடிக் கம்பியை அங்குமிங்கும் நகர்த்திப் பொறுமையாக இருக்க வேண்டும்.

கணக்கு பிழைத்த இடம்

பிரவுண் கண்டதற்குரிய காரணம் 60 வருடங்களுக்கு மேல் பிந்தித்தான் வந்தது. மேலே நான் சொன்ன மேட்டின் விளக்கத்தை ஜேர்மனியில் வால்ற்றர் ஷொட்கி 1938இல் முன்வைத்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் நெவில் மொற் என்பவரும் இதை ஒத்த விளக்கத்தைத் தந்தார். இத்தகைய சந்தியால் ஆன இருவாயியை இன்று ஷொட்கி இருவாயி என்கிறோம்.

அந்த விளக்கத்தின்படி மேட்டின் உயரத்தைக் கணிப்பது மிக இலகு. உலோகத்தின் வேலைச்சார்பிலிருந்து 4.05ஐக் கழித்தால் போதும். பொன்னுக்கு ஏறத்தாழ 1.05 வர வேண்டும். அலுமினியத்துக்கு 0.2க்கும் குறைவாக, அதாவது மேடே இல்லை எனலாம் என்றளவில் வர வேண்டும். அளந்து பார்த்தால் என் வகைச் சிலிக்கனின் மீது பொன் தருவது ஏறத்தாழ 0.8, அலுமினியம் தருவது ஏறத்தாழ 0.7. உலோகத்தை மாற்றினாலும் மேடு பெரிதாக மாறவில்லை!

கணக்கு பிழைத்தால் நாம் வழக்கமாகப் பரிசோதனையில் பிழை என்று எழுதிவிடுவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இருந்த ஜோன் பார்டீன் அப்படி விடவில்லை. சிலிக்கனின் உள்ளே ஒவ்வோர் அணுவும் நான்கு அயல் அணுக்களோடு கைகோத்திருக்கிறது. மேற்பரப்பில் உள்ள அணுக்களுக்கு ஒரு பக்கத்தில் அயல் இல்லை. சில கைகள் வெறுமையாக நிற்கும். அந்த இடங்களில் இலத்திரன்கள் சிக்கிக்கொள்ளும். ஆகவே உலோகம் வந்து தொடும் முன்பே மேற்பரப்பில் ஒரு மேடு எழும்பிவிடுகிறது. பிறகு வருவது பொன்னா அலுமினியமா என்பது பெரிய வித்தியாசத்தைத் தராது. இதை அவர் 1947இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அந்த மேற்பரப்பை ஆராய்ந்துகொண்டிருந்த பார்டீனும் வால்ற்றர் பிரற்றெய்னும் அதே வருடம் டிசம்பர் மாதம், ஜேர்மானியத் துண்டொன்றின் மீது மிக நெருக்கமாக இரண்டு பொன் தொடுகைகளை வைத்தபோது பிறந்ததுதான் திரான்சிற்றர். உலோகமும் குறைகடத்தியும் தொடும் இடங்கள் இரண்டை அருகருகே வைத்ததன் விளைவு அது. 1956இல் அவர்கள் இருவருக்கும் வில்லியம் ஷொக்லிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "கணக்கு ஏன் பொருந்தவில்லை?" என்ற கேள்வியை யாரேனும் "அது தேவையில்லை" என்று ஒதுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். என் வகுப்பு நினைவுக்கு வந்தது.

மேட்டை மெல்லியதாக்குதல்

இனி அவளுடைய கேள்வியின் இரண்டாம் பகுதி. எந்த உலோகத்தை வைத்தாலும் மேடு வருமானால், சாதாரண இருவாயியின் இணைப்புக் கம்பிகள் எப்படி இரு திசையிலும் ஓட்டத்தை விடுகின்றன?

மேட்டின் உயரத்தைக் குறைப்பது கடினம். ஆனால் அதன் தடிப்பைக் குறைக்கலாம். சிலிக்கனில் பொசுபரசு குறைவாக இருந்தால், தேவையான நேரேற்றத்தைத் திரட்ட நீண்ட தூரம் வெறுமையாக வேண்டும். பொசுபரசு மிகுதியாக இருந்தால் சிறிய தூரமே போதும். ஒரு கன சென்ரிமீற்றர் சிலிக்கனில் ஏறத்தாழ 5 இன் பின் 22 பூச்சியங்கள் கொண்ட எண்ணிக்கையில் அணுக்கள் உள்ளன. ஐந்து கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பொசுபரசு அணு என்ற அளவில் சேர்த்தால், வறிதாக்கற் பிரதேசத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு மைக்கிரோமீற்றர். ஐந்நூறு அணுக்களுக்கு ஒன்று என்று சேர்த்தால் அது ஏறத்தாழ 3 நனோமீற்றராகச் சுருங்கிவிடும். முந்தியதில் முந்நூறில் ஒரு பங்கு.

இந்த அளவு மெல்லிய தடுப்பை இலத்திரன் ஏறிக் கடக்க வேண்டியதில்லை. அதன் ஊடாகவே புகுந்து மறுபக்கம் போய்விடும். அலையின் இயல்பும் இலத்திரனுக்கு இருப்பதால் இது நிகழ்கிறது. இதைச் சுரங்கமிடல் என்பர். ஊடாகப் போவது இரு திசையிலும் நடக்கும். ஆகவே வாயில் மறைந்து பாதையாகிவிடுகிறது. ஓமின் விதிக்கு அமைந்து நடப்பதால் இதற்கு ஓமின் தொடுகை என்று பெயர். இருவாயியைச் செய்யும்போது, உலோகம் பூசப்படும் இடத்தில் மட்டும் மாசை மிக அடர்த்தியாகச் சேர்த்துவிடுகிறார்கள். நான் வெண்பலகையில் ஒரு வினாடியில் இழுத்த அந்தக் கோட்டுக்குள் இவ்வளவு வேலை இருந்திருக்கிறது.

அயலில் யாராவது கூரையில் சூரியப் படல் பொருத்தியிருந்தால், பொருத்துமுன் கிட்ட நின்று பாருங்கள். நீல நிறக் கலங்களின் மேல் மெல்லிய வெள்ளிக் கோடுகள் தெரியும். வழமையான சிலிக்கன் கலங்களில் அந்தக் கோடுகளின் கீழே பொசுபரசு அடர்த்தியாகச் சேர்த்த படை இருக்கிறது. வெள்ளி அதனோடு ஓமின் தொடுகையை ஏற்படுத்துகிறது. அந்தத் தொடுகை சரியாக அமையாவிட்டால், வெயில் எவ்வளவு எரித்தாலும் உண்டாகும் மின்சாரத்தின் ஒரு பகுதி அந்த இடத்திலேயே வெப்பமாகி வீணாகும்.

மேசையில் இரண்டு இருவாயிகள்

இரண்டு வாரங்களின் பின் நகரத்துக் கடையில் இரண்டு இருவாயிகளை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். ஒன்று சாதாரணச் சிலிக்கன் இருவாயி, இலக்கம் 1என்4007. மற்றது ஷொட்கி இருவாயி, இலக்கம் 1என்5819. இரண்டும் மலிவானவை, பார்வைக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி. கேள்வி கேட்ட மாணவியை அழைத்து, "மகள், அன்டைக்கு நீங்க கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாம இருந்திச்சு. இப்ப ரெண்டு பேரும் பார்ப்பம்" என்றேன். வகுப்பு அமைதியானது.

பல்மானியை இருவாயிச் சோதனை நிலையில் வைத்து அவளிடம் கொடுத்தேன். முதலாவது 0.57 காட்டியது. இரண்டாவது 0.19. "டீச்சர், இது பழுதா?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். பழுதில்லை. உலோகத்தையும் சிலிக்கனையும் சேர்த்துச் செய்த மேடு தாழ்வானது. அதனால் குறைந்த வோல்ற்றளவிலேயே ஓட்டம் தொடங்கிவிடுகிறது.

இதனால் என்ன நன்மை? கைத்தொலைபேசியின் மின்னேற்றி 5 வோல்ற்றில் 2 அம்பியரைத் தருகிறது எனக் கொள்வோம். அதாவது 10 உவாற்று. வெளியீட்டிலுள்ள இருவாயியில் 0.8 வோல்ற்று இழக்கப்பட்டால் 1.6 உவாற்று வெப்பமாகும். 0.4 வோல்ற்று இழக்கும் ஷொட்கி இருவாயியில் அது 0.8 உவாற்று. பாதி மிச்சம். அத்தோடு இதில் இலத்திரன்கள் மாத்திரமே வேலை செய்வதால், துளைகள் தேங்கி நின்று தாமதிப்பதில்லை. ஒரு செக்கனில் பல்லாயிரம் தடவை திறந்து மூடும் சுற்றுகளுக்கு இதுவே ஏற்றது.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. தாழ்ந்த மேட்டைத் தாண்டிப் பின்பக்கமாகக் கசிவதும் கூடுதல். சூடேறினால் கசிவும் ஏறும். 1என்5819 தாங்கும் பின்முக வோல்ற்றளவு 40 மட்டுமே. 1என்4007 ஆயிரம் வோல்ற்றைத் தாங்கும். நமது வீட்டு மின் 230 வோல்ற்று என்றாலும் அதன் உச்சப் பெறுமானம் 325 வோல்ற்று. ஆகவே சுவர்ப் பக்கத்தைச் சீராக்குவதற்கு சாதாரண இருவாயி, தொலைபேசிப் பக்கத்துக்கு ஷொட்கி இருவாயி எனப் பல மின்னேற்றிகளில் இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. (இதைப் பார்க்கவென்று மின்னேற்றியைத் திறந்துவிடாதீர்கள். மின்னிலிருந்து கழற்றிய பிறகும் அதிலுள்ள கொள்ளளவியில் ஏற்றம் எஞ்சியிருக்கும்.)

பாடம் முடிய மணி அடித்தது. அவள் எழுந்து, "அப்ப டீச்சர், பீ வகைச் சிலிக்கனோட உலோகம் சேர்ந்தா துளைகளுக்கும் இப்பிடி ஒரு மேடு வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். அலுமினியத்தைப் பீ வகைச் சிலிக்கனில் வைத்துச் சூடாக்கினால் என்ன நடக்கும் என்று தேடி வரும்படி சொன்னேன். மறுநாள் விடையோடு வந்தாள்: அலுமினியம் மூன்றாம் கூட்டத்து மூலகம், போரனைப் போல, அது சிலிக்கனுக்குள் கரைந்து, தான் தொடும் இடத்தைத் தானே அடர்ந்த பீ வகையாக்கிக்கொள்கிறது, அதனால் நல்ல ஓமின் தொடுகையாகிறது. இதை நான் படிப்பிக்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய உம்மா என்னிடம், "இவ ஊட்டிலயும் இப்பிடித்தான் டீச்சர். கேள்வி கேட்டே எங்கள களைக்க வெச்சிருவா" என்று சற்று வெட்கத்தோடு சொன்னார். நான் அவரிடம் சொன்னதையே எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன். விடை தெரியாவிட்டால் "எனக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதில் மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை. "அது தேவையில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்லி இரண்டு வாரங்கள் ஒரு கையை இறக்கி வைத்தவள் நான்.

மாணவியரே, இருவாயியின் படத்தை இனி வரையும்போது இரு பக்கக் கோடுகளையும் சற்று நிறுத்தி வரையுங்கள். அவை சிலிக்கனைத் தொடும் இடத்தில் உங்களுக்கு வேறு ஏதேனும் கேள்வி எழுந்தால், பரீட்சைக்கு வருமா வராதா என்று பார்க்காமல் கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து தேடுவோம்.